இடைவெளி காப்போம்

நுழையும்முன்

பொறுமை என்பது ஒருவரின் குணம் மட்டுமன்று. அது நிலைத்து நிற்க இடமும் காலமும் வேண்டும். பெருநகர நெரிசலில் லாரி ஓட்டுவோரின் நிதானம் எதனால் அமைகிறது, எதனால் குலைகிறது என்பதை ஆராய்ந்து, அதில் நமக்குள்ள பங்கையும் எடுத்துரைக்கிறது இக்கருத்துக் கட்டுரை.

ஊரிலிருந்து வரும் வண்டி

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் வீடுகளில் உள்ள பொருள்கள் பல, நெடுந்தொலைவு கடந்து வந்தவை. ஈரோட்டு மஞ்சளும், சிவகாசித் தீப்பெட்டியும், திருப்பூர்ப் பின்னலாடையும் லாரிகளில் ஏறித்தான் வடபுலம் வந்து சேர்கின்றன. சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்யப்படும் ஜவ்வரிசி, மகாராட்டிரத்தில் நோன்பு நாள்களில் உண்ணும் கிச்சடியாகிறது.

ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைப்பது 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. 3,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இச்சாலையே இந்தியாவின் மிக நீண்ட தேசிய நெடுஞ்சாலை ஆகும். தில்லி, ஆக்ரா, நாக்பூர், ஐதராபாத், பெங்களூரு, சேலம் ஆகிய நகரங்களைத் தொட்டுவரும் இச்சாலை, நாமக்கல் வழியாகவும் செல்கிறது. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் நாமக்கல். லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகள் அங்கு மிகுதி. திருச்செங்கோடும் சங்ககிரியும் இத்தொழிலில் அதற்குத் துணைநிற்கும் ஊர்கள். இவ்வூர்களின் லாரிகள் இந்தியாவின் எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன.

சாலையோரம் நிற்கும் லாரியின் எண் பலகையில் ‘டிஎன் 28’ என்றோ ‘டிஎன் 34’ என்றோ ‘டிஎன் 52’ என்றோ கண்டால் நம் மனம் மகிழ்கிறது. முதலாவது நாமக்கல்லையும், இரண்டாவது திருச்செங்கோட்டையும், மூன்றாவது சங்ககிரியையும் குறிப்பவை. ஆனால், அதே லாரி நெரிசலில் நமக்கு முன்னால் ஊர்ந்து செல்லும்போது நாம் மகிழ்வதில்லை. “இந்த லாரிக்காரரால்தான் தாமதம்” என்று சலித்துக்கொள்கிறோம். நாம் வந்த பேருந்தோ மகிழுந்தோ ஓயாமல் ஒலியெழுப்புகிறது.

லாரி ஓட்டுநர் நிதானமாக ஓட்ட வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த நிதானத்தை அவர் ஒருவரே காத்துவிட முடியுமா என்பதே கேள்வி. முடியாது என்பதே என் கருத்து. அதைக் காக்கும் பொறுப்பில், அவருடன் சாலையைப் பகிர்ந்துகொள்வோருக்கும், அவரிடம் சரக்கை ஒப்படைப்போருக்கும் பங்குண்டு.

எடையும் தொலைவும்

லாரியின் நிதானத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. முன்செல்லும் வண்டிக்கும் தமக்கும் இடையே ஓட்டுநர் எவ்வளவு இடம் விடுகிறார் என்று பார்த்தால் போதும்.

ஒரு சிறிய மகிழுந்தின் எடை ஏறத்தாழ ஒரு டன். இரண்டு அச்சுகள் கொண்ட லாரி, சரக்குடன் சேர்த்து 18.5 டன் வரை இருக்கலாம் என்று 2018-இல் வரம்பு திருத்தப்பட்டது. அச்சுகளின் எண்ணிக்கை கூடக் கூட இவ்வரம்பும் உயரும். இத்தகைய எடையை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கும் மேல் நகர்கிறது. முன்னால் இருக்கும் இடரைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கின்மீது கால் வைப்பதற்கு ஒன்றரை நொடி ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் வண்டி 25 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடித்து வேகம் தணிவதற்கு ஆகும் தொலைவு அதற்குப் பிறகே தொடங்குகிறது. பெரிய லாரிகளில் அழுத்தக் காற்றால் இயங்கும் ஏர் பிரேக் உள்ளது. மிதியை அழுத்தியபின் காற்று குழாய்களின் வழியே சென்று சக்கரங்களைப் பற்றுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அச்சிறு நேரத்திலும் லாரி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அளவுக்கு மிஞ்சிச் சரக்கேற்றினால் இத்தொலைவு இன்னும் நீளும். மயிலிறகே ஆனாலும் மிகுதியாக ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற உண்மையை வள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் உணர்த்தியுள்ளார். இன்றைய லாரிக்கும் அது பொருந்தும். அச்சு முறிவதற்கு முன்பே பிரேக் தோற்றுவிடும் என்பதையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே உள்ள தொப்பூர் கணவாய் இதற்குச் சான்று. நீண்ட இறக்கமாக அமைந்த அப்பகுதியில் நேர்ந்த விபத்துகள் பல. இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த எண்ணி வண்டியை நியூட்ரலில் உருளவிட்டால், இன்ஜினின் பிடிப்பு அற்றுப்போகிறது. முழுப் பளுவையும் பிரேக்கே தாங்க நேர்கிறது. அது சூடேறிச் செயலிழந்தால், கீழே வரிசையில் நிற்கும் வண்டிகளுக்கு என்ன நேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பழகிய ஓட்டுநர்கள் இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாறிவிடுவது இதனால்தான்.

“இடம் விட்டால் பிறர் நுழைவரே!”

இடைவெளி விட்டு ஓட்டுக என்று அறிவுரை கூறுவது எளிது. நகர நெரிசலில் அதைக் கடைப்பிடிப்பது கடினம் என்பார் உளர். அவர்கள் கூறுவதில் உண்மை இருக்கிறது. லாரிக்கு முன்னால் பத்து மீட்டர் இடம் கிடைத்தால் போதும். ஆட்டோ ஒன்று நுழையும். அதன்பின் மகிழுந்து ஒன்று நுழையும். இருசக்கர வாகனங்கள் இருபுறமும் புகுந்துவிடும். “இப்படி எல்லாருக்கும் வழிவிட்டால் நான் எப்போது போய்ச் சேர்வது?” என்று ஓட்டுநர் கேட்பது இயல்பே.

இதற்கும் கணக்கே விடை தரும். ஒரு வண்டி நமக்கு முன்னால் நுழைந்தால், மீண்டும் இடைவெளி விடுவதற்கு நாம் இரண்டு அல்லது மூன்று நொடிகள் பின்தங்குகிறோம். ஒரு மணி நேரத்தில் இருபது வண்டிகள் அவ்வாறு நுழைந்தன என்று கொள்வோம். வண்டிக்கு மூன்று நொடி வீதம் மொத்த இழப்பு அறுபது நொடி, அதாவது ஒரே ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுக்க மனமின்றி முன்வண்டியை உரசிக்கொண்டு போய் மோதினால், ஒரு நாள் முழுதும் காவல் நிலையத்தில் கழியும். ஓர் உயிரே போய்விட்டால் அந்த இழப்பைக் கணக்கிட எந்த எண்ணும் போதாது.

இடைவெளியால் இன்னொரு நன்மையும் உண்டு. முன்னால் இடம் இருந்தால், லாரியைக் குறைந்த கியரில் மெல்ல உருட்டிக்கொண்டே செல்லலாம். நிறுத்துவதும் கிளப்புவதுமாக இராது. ஓயாமல் பிரேக்கை அழுத்தினால் கலத்தில் உள்ள அழுத்தக் காற்று குறையும்; காலும் முதுகும் ஓயும்; டீசலும் வீணாகும். இடம் விட்டு உருட்டும் ஓட்டுநருக்கு உடல்வலி குறைகிறது. உடல்வலி குறைந்தால் சினமும் குறையும்.

சினம் பிறக்கும் நொடி

நெரிசலில் சினம் பிறப்பதற்குக் காரணங்கள் பல. வெயில், புகை, ஓயாத ஒலி, குறுக்கே பாய்வோர், ஏசிவிட்டுச் செல்வோர் என அவை நீளும். இவற்றுள் எதையும் ஓட்டுநரால் தடுக்க இயலாது. ஆனால், ஒருவர் குறுக்கே பாய்ந்ததற்கும் அதற்குத் தாம் காட்டும் எதிர்வினைக்கும் இடையே உள்ள ஒரு நொடி அவருடையது. அந்நொடியில் ஒரு மூச்சை ஆழ இழுத்து விட்டு, ஸ்டியரிங்கை இறுகப் பற்றிய கைகளைச் சற்றே தளர்த்தினால், பின்தொடர்ந்து சென்று பழிதீர்க்கும் எண்ணம் தணியும். திருக்குறளில் ‘பொறையுடைமை’, ‘வெகுளாமை’ என இரண்டு அதிகாரங்கள் இருப்பதை நாம் அறிவோம். வலிமை உடையவர் சினத்தை அடக்குவதே சிறப்பு. சாலையில் லாரியைவிட வலிமை மிக்க வண்டி எது? ஆகவே, பொறுமை மிகுதியும் வேண்டப்படுவது அதை ஓட்டுபவரிடமே.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். லாரிகளின் பின்புறத்தில் ‘ஹாரன் ஓகே ப்ளீஸ்’ என்று எழுதுவது நெடுங்கால வழக்கம். தேவையற்ற ஒலியை அது தூண்டுகிறது என்று கருதி மகாராட்டிர அரசு 2015-இல் அதைத் தடை செய்தது. நின்றுபோன வரிசையில் எழுப்பும் ஒலி எந்த வண்டியையும் ஓரடிகூட நகர்த்துவதில்லை. முன்னால் இருப்பவரை அது பதறச் செய்கிறது. பதறியவர் தவறு செய்கிறார்.

கண்ணாடியில் தெரியாத இடங்கள்

ஓட்டுநர் எவ்வளவு நிதானமானவராயினும் அவர் கண்ணுக்குப் புலப்படாத இடங்கள் லாரியைச் சுற்றி உள்ளன. அவர் உயரமான இருக்கையில் அமர்ந்திருக்கிறார். எனவே, முன்கண்ணாடிக்குக் கீழே, வண்டியை ஒட்டி நிற்கும் ஒரு சிறுவன் அவர் பார்வையில் படமாட்டான். நம் நாட்டில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் உள்ளது. ஆதலால், இடப்பக்கத்தில் கதவை ஒட்டி வரும் மிதிவண்டியும் அவருக்குத் தெரிவதில்லை. வண்டியின் நேர்பின்னால் இருப்பது முழுவதும் மறைந்துவிடும். கிளீனர் எனப்படும் உதவியாளர் உடனிருந்தால் இடப்பக்கத்தை அவர் பார்த்துச் சொல்வார். உதவியாளர் இன்றி ஒருவரே ஓட்டும் லாரிகளில் அத்துணையும் இல்லை.

குறுகிய சந்திப்பில் லாரி இடப்பக்கம் திரும்பும் முறையைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் அது சற்று வலப்பக்கம் ஒதுங்கும். பிறகே இடப்பக்கம் திரும்பும். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் செல்வதில்லை. அவை வளைவின் உட்புறத்தை ஒட்டிச் செல்லும். லாரி வலப்பக்கம் ஒதுங்கியதும் இடப்பக்கத்தில் தோன்றும் இடத்தைக் கண்டு, “வழி கிடைத்தது” என்று நுழையும் இருசக்கர வாகனம் பின்சக்கரத்திற்கும் நடைபாதைக்கும் இடையே சிக்கிக்கொள்கிறது. அங்குத் தெரிந்த வெற்றிடம் நமக்கு விடப்பட்ட வழியன்று. லாரி திரும்புவதற்குத் தேவையான இடம்.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக ஒன்றிய அரசின் அறிக்கை கூறுகிறது. இறந்தோரில் இருசக்கர வாகனங்களில் சென்றவர்களே மிகுதி. இவ்வுண்மையை அறிந்த நாம், மேற்கூறிய இடங்களை அறியாமல் இருக்கலாமா?

காலமும் ஓர் இடைவெளியே

ஓட்டுநரின் நிதானத்தைக் குலைப்பவற்றுள் தலையானது தூக்கமின்மை. இதற்கு அவரை மட்டும் குறைகூறுவது முறையன்று.

நாமக்கல்லிலிருந்து தில்லி 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், 2,000 கிலோமீட்டரைக் கடக்கவே 50 மணி நேரம் ஓட்ட வேண்டும். மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்காக 1961-இல் இயற்றப்பட்ட சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று பொதுவான வேலை வரம்பை வகுத்தது. ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி நேர ஓய்வு தரப்பட வேண்டும் என்றும் அது கூறியது. நாளுக்கு 8 மணி நேரம் ஓட்டினால், 50 மணி நேரப் பயணத்திற்கு ஆறு நாளுக்கும் மேல் ஆகும். “நான்கே நாளில் சரக்கு வந்து சேர வேண்டும்” என்று ஒருவர் கேட்டால், ஒற்றை ஓட்டுநர் நாள்தோறும் பன்னிரண்டரை மணி நேரம் ஓட்ட வேண்டும். சுங்கச்சாவடியில் நிற்பதும், சோதனைச் சாவடியில் நிற்பதும், சரக்கை ஏற்றி இறக்கக் காத்திருப்பதும் இக்கணக்கில் சேரவில்லை.

இவ்வாறு வந்து சேர்பவரை நகர எல்லையில் வேறொரு தடை எதிர்கொள்கிறது. தில்லி உள்ளிட்ட பல மாநகரங்களில் காலை, மாலை நெரிசல் வேளைகளில் கனரக லாரிகள் நுழையக்கூடாது. இத்தடை தேவையானதே, பள்ளிக்குச் செல்லும் நம்மையும் அது காக்கிறது. ஆனால், அதனால் ஓட்டுநர் பகலெல்லாம் சாலையோரத்தில் வெயிலில் காத்திருந்து, உடல் உறங்க விரும்பும் இரவில் நகருக்குள் ஓட்டுகிறார். அவர் பகலில் உறங்குவதற்கு நிழலும் நீரும் கழிப்பறையும் கொண்ட நிறுத்துமிடம் நகர எல்லையில் இருக்கிறதா என்று கேட்பவர் சிலரே.

நல்ல மாற்றங்களும் நிகழ்ந்துள்ளன. தில்லியைச் சுற்றிச் செல்லும் கிழக்கு, மேற்குப் புறவட்ட விரைவுச்சாலைகள் 2018-இல் திறக்கப்பட்டதால், நகருக்குள் வேலையில்லாத லாரிகள் வெளியே சுற்றிச் செல்ல வழி பிறந்தது. 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதன வசதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இது சொகுசுக்காகச் செய்யப்பட்டதன்று. இன்ஜினின் சூட்டிலும் வெயிலிலும் பல மணி நேரம் வெந்தவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது அறமாகாது என்பதை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. எனினும், பழைய லாரிகளை ஓட்டுவோருக்கு அவ்வசதி இல்லை என்பதையும் மறக்கலாகாது.

குற்றம் எவருடையது?

“ஓட்டுநர்களுக்காக இவ்வளவு பரிந்து பேசலாமா? மது அருந்திவிட்டு ஓட்டுவோர் இல்லையா? கைப்பேசியில் பேசிக்கொண்டு ஓட்டுவோர் இல்லையா?” என்று சிலர் வினவலாம். உள்ளனர். அவர்களைச் சட்டப்படி தண்டிக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதிக எடை ஏற்றி அனுப்பப்பட்ட லாரியை ஓட்ட மறுக்கும் உறுதியும் ஓட்டுநருக்கு வேண்டும்.

ஆயினும், தண்டனை என்பது விபத்து நேர்ந்தபின் வருவது. விபத்து நேராமல் காப்பது முன்பே செய்யப்படும் ஏற்பாடு. இரண்டு நாள் உறங்காத ஒருவரைப் பார்த்து “கவனமாக ஓட்டு” என்று கூறுவதால் அவருக்குக் கவனம் வந்துவிடாது. அவருக்குத் தேவை ஆறு மணி நேரத் தூக்கம். முன்னால் விட்ட இடத்தையெல்லாம் பிறர் பறித்துக்கொள்ளும் சாலையில் “இடைவெளி விடு” என்று ஓட்டுநருக்கு மட்டும் பாடம் நடத்துவதும் பயன் தராது. ஒருவர் விடும் இடைவெளியை மற்றவர் மதித்தால்தான் அது நிலைக்கும்.

நாம் செய்யத்தக்கவை

நமக்கு இன்னும் வாகனம் ஓட்டும் வயது ஆகவில்லை. அதனால் நமக்குப் பொறுப்பு இல்லை என்று எண்ண வேண்டா. நாம் நடக்கிறோம், மிதிவண்டியில் செல்கிறோம், தந்தையின் இருசக்கர வாகனத்தில் பின்னால் அமர்கிறோம். லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால், நாமும் அவருக்குத் தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும். நிற்கும் லாரியின் முன்பக்கத்தை ஒட்டிச் சாலையைக் கடக்கலாகாது. திரும்பும் லாரியின் இடப்பக்கம் நுழையலாகாது. நம்மை அழைத்துச் செல்லும் பெரியவர் லாரிக்கு முன்னால் உள்ள இடைவெளியில் புகுந்தால், “அப்பா, அவருக்கு அந்த இடம் வேண்டும்” என்று பணிவுடன் சொல்லலாம். பிள்ளைகள் சொல்லும் சொல்லுக்குப் பெற்றோர் செவிசாய்ப்பர்.

வீட்டிற்குப் பொருள் வரவழைக்கும்போதும் நமக்கு ஒரு கடமை உண்டு. ஒரு நாள் தாமதமாக வந்தால் குடிமுழுகிப் போகாத பொருளை, நாளையே வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அந்த அவசரம் கடை, கிடங்கு, லாரி நிறுவனம் எனக் கைமாறிச் சென்று, முடிவில் ஓட்டுநரின் தூக்கத்தைக் குறைக்கிறது. காத்திருக்கக் கூடியவற்றுக்குக் காத்திருப்பதும் சாலைப் பாதுகாப்பே.

நிதானம் என்பது ஓட்டுநர் ஒருவரின் மனத்தில் மட்டும் விளையும் பயிரன்று. அவர் வண்டிக்கு முன்னால் நாம் விடும் இடத்திலும், அவர் பயணத்திற்கு நாம் தரும் காலத்திலும் அதன் வேர்கள் உள்ளன. ‘டிஎன்’ என்னும் எழுத்துகளைத் தாங்கிய லாரியாயினும், பிற மாநிலத்து லாரியாயினும், அதை ஓட்டுபவரை எதிர்பார்த்து எங்கோ ஒரு வீடு காத்திருக்கிறது. அவரும் நாமும் அவரவர் வீட்டிற்கு நலமாய்த் திரும்ப, இடைவெளி காப்போம்.

சொற்பொருள்

இடர் – துன்பம், இடையூறு
பளு – சுமை
பொறை – பொறுமை
வெகுளி – சினம்
புறவட்டச் சாலை – நகரைச் சுற்றி அமைந்த சாலை
பரிந்து பேசுதல் – ஒருவர் சார்பாக இரக்கத்துடன் பேசுதல்

பயிற்சி

1. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி, பிரேக்கில் கால் வைப்பதற்குள் எவ்வளவு தொலைவு கடக்கிறது? வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் எனில் அத்தொலைவு எவ்வளவு? கணக்கிட்டு எழுதுக.

2. இடப்பக்கம் திரும்பும் லாரியின் அருகே இருசக்கர வாகனம் செல்லக்கூடாது. ஏன்?

3. “காலமும் ஓர் இடைவெளியே” – கட்டுரையாளர் இவ்வாறு கூறக் காரணம் யாது?

4. நகருக்குள் பகலில் லாரிகளுக்குத் தடை விதிப்பது சரியா? உம் கருத்தைக் காரணங்களுடன் ஒரு பத்தியில் எழுதுக.

5. நீவிர் வாழும் நகரில் காணும் லாரிகளின் எண் பலகைகளை ஒரு வாரம் பாதுகாப்பான இடத்திலிருந்து உற்றுநோக்கி, அவை எந்தெந்த மாநிலங்களிலிருந்து வந்தவை எனப் பட்டியலிடுக.